நீலத் திரையில் நின்றுவிட்ட வரைகலைப் பாடம்

கணிப்பொறித் திரையில் ஒரு நேர்கோடு வரைய எவ்வளவு நேரம் ஆகும்? இன்றைய மேசைக் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்திற்குள் ஆயிரக்கணக்கான கோடுகளை வரைந்துவிடும். ஆனால் கல்லூரியில் கணிப்பொறி வரைகலையைப் பாடமாகப் படிக்கும் மாணவர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இரண்டு செய்முறை வகுப்புகள் போய்விட்டன, கோடு இன்னும் வரவில்லை" என்று அவர் விடை கூறினால் வியப்படைய வேண்டாம். கோட்டை வரையும் கணக்கு அவருக்குத் தெரியும். அவருக்குக் கிட்டாதது அந்தக் கணக்கை இயக்கிப் பார்ப்பதற்கான சூழல்.

சூழல் என்று நான் இங்குக் கூறுவது நான்கு பொருள்கள் ஒன்றுகூடிய ஏற்பாட்டை. நிரலைத் தட்டுவதற்கான ஏடு ஒன்று. அந்நிரலைக் கணிப்பொறியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், அதாவது நிரல்பெயர்ப்பி, மற்றொன்று. கோடு, வட்டம், வண்ணம் ஆகியவற்றை வரைந்து தரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பாகிய லைப்ரரி மூன்றாவது. இவற்றின் ஆணையைத் திரைவரை கொண்டு சேர்க்கும் டிரைவர் என்னும் இயக்கி நான்காவது. இவை நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் கோடு தோன்றும். ஒன்று முரண்டு பிடித்தாலும் திரை வெறுமையாகவே இருக்கும்.

இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எறிபொருளின் பாதை, ஊசலின் அலைவு, கோளின் சுற்றுப்பாதை, இரு அலைகளின் குறுக்கீடு ஆகியவற்றைக் கரும்பலகையில் சாக்கட்டியால் வரைந்து காட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. மாணவரே அவற்றைத் திரையில் ஓடவிட்டு, வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் விளங்குவது, ஒரு மாதச் சொற்பொழிவில் விளங்காது. ஆகவே வரைகலை ஆய்வகத்தில் நடப்பது இயற்பியல் வகுப்பையும் தொடுகிறது.

வரைகலைச் சூழல் ஒன்றை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. நாற்காலியில் அமர்ந்த மாணவர், தாம் கேட்ட முதல் கோட்டைக் காண எத்தனை நிமிடம் ஆகிறது? வகுப்பில் செய்ததை அன்று மாலையே தம் வீட்டுக் கணிப்பொறியிலோ நண்பர் வீட்டுக் கணிப்பொறியிலோ திரும்பச் செய்ய முடிகிறதா? நம் ஆய்வகங்கள் பலவற்றில் முதல் கேள்விக்கு மழுப்பலான விடையும், இரண்டாவதற்கு இல்லை என்ற விடையுமே கிடைக்கின்றன.

இன்றும் பல கல்லூரிகளில் நீலத் திரையோடு மாணவரை வரவேற்பது போர்லண்டு நிறுவனத்தின் டர்போ சி பிளஸ் பிளஸ். அதன் மூன்றாம் பதிப்பு 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதனுள் உள்ள வரைகலைத் தொகுப்பைப் பி.ஜி.ஐ. என்பர். ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. திரையே அத்தொகுப்பின் உச்ச எல்லை எனலாம். அத்திரையில் 640 நெடுவரிசைகள், 480 கிடைவரிசைகள். ஆக 3,07,200 புள்ளிகள். வண்ணங்கள் 16. ஒரு புள்ளிக்கு 4 பிட் என்று கணக்கிட்டால் படம் முழுவதற்கும் 1,53,600 பைட் நினைவகம் போதும். இன்று பரவலாக உள்ள 1920-க்கு 1080 திரையில், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், 82,94,400 பைட் வேண்டும். சரியாக 54 மடங்கு.

திரை சிறியதாக இருப்பது குற்றமன்று. சிறிய பலகையிலும் பாடம் கற்கலாம். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. டர்போ சி 16 பிட் காலத்து நிரல். இன்றைய 64 பிட் விண்டோஸ் இயங்குதளம் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. ஆகவே 2002-இல் முதன்முதலாக வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளைத் துணைக்கு அழைக்கிறார்கள். அது கணிப்பொறிக்குள்ளேயே ஒரு பழைய கணிப்பொறியை நடிக்க வைக்கும். பழைய விளையாட்டுகளை மீண்டும் ஆட விரும்பியோர்க்காக உருவான அருமையான மென்பொருள் அது. அந்த நடிப்புக் கணிப்பொறிக்குள் நம் மாணவர் நிரல் எழுதுகிறார். புத்தம் புதிய கணிப்பொறியை வாங்கி, அதை முப்பதாண்டுப் பழையதாக மாற்றி, அதன்பின் பாடத்தைத் தொடங்குகிறோம்!

தொடக்கமும் ஒரு சடங்கு போலவே நடக்கிறது. எந்த அடைவை எந்த எழுத்தால் அழைப்பது என்று டாஸ்பாக்ஸுக்குச் சொல்ல வேண்டும். பின்னர் நிரலின் தொடக்கத்தில் இனிட்கிராஃப் என்னும் ஆணைக்குள், பி.ஜி.ஐ. இயக்கிகள் எந்த அடைவில் உள்ளன என்று எழுத வேண்டும். அதில் ஒரு சாய்கோடு குறைந்தாலும் "வரைகலை தொடங்கப்படவில்லை" என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். இந்த வரிகள் ஏன் என்று மாணவரைக் கேளுங்கள். "கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, சார்" என்பார். ஆய்வக உதவியாளர் முன்பே எல்லாவற்றையும் நிறுவி வைத்துவிடுவதால், அந்த வரிகளின் பொருளை அறிய வேண்டிய தேவை மாணவருக்கு எழுவதே இல்லை.

இதைவிடக் கவலை தருவது எண்கள் பற்றிய செய்தி. டர்போ சி-யில் இன்ட் எனப்படும் முழு எண் 16 பிட் அளவுடையது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஒரு மாணவி சூரியனைச் சுற்றும் கோளின் பாதையை வரைகிறார் என்று கொள்வோம். சூரியன் திரையின் நடுவில். கோள் அதற்கு வலப்புறம் 200 புள்ளி தொலைவில். ஈர்ப்பு விசையைக் காணத் தொலைவின் வர்க்கம் வேண்டும். 200-ஐ 200-ஆல் பெருக்கினால் 40,000. அது 32,767-ஐத் தாண்டுவதால் 65,536 கழிக்கப்பட்டு −25,536 என்று பதிவாகிறது. தொலைவின் வர்க்கம் எதிர்க்குறி எண்ணாகிவிட்டது! அதற்கு வர்க்கமூலம் காணச் சொன்னால் கணிப்பொறி பிழைச்செய்தி தருகிறது. மாணவி என்ன செய்வார்? தம் சமன்பாட்டைத் திருத்துவார். விசையின் குறியை மாற்றிப் பார்ப்பார். கடைசியில் நியூட்டன் மீதே ஐயம் கொள்வார். அதே நிரலை இன்றைய நிரல்பெயர்ப்பியில் இயக்கினால், முழு எண் 32 பிட் ஆதலால், 40,000 என்றே வரும்.

எண் வரம்பு மீறல் என்பது கணிப்பொறி கற்போர் அறிய வேண்டிய பாடமே; அதை மறுக்கவில்லை. ஆனால் கோளின் பாதையைக் கற்கும் நாளில், எச்சரிக்கை ஏதுமின்றி அது குறுக்கே வந்து விழக்கூடாது. இன்னொன்றும் உண்டு. திரையின் 3,07,200 புள்ளிகளையும், புள்ளிக்கு ஒரு பைட் வீதம், ஒரே அணியாக நினைவகத்தில் வைத்துக்கொள்ள டர்போ சி எளிதில் இடம் தராது. 64 கிலோபைட்டைத் தாண்டும் அணியைக் கண்டதும் அளவு மிகை என்று மறுத்துவிடும். படத்தை எண்களின் அணியாகக் கருதிக் கையாள்வதே இன்றைய வரைகலையின் அடிப்படை. அந்த முதற்படியிலேயே கதவு அடைத்திருக்கிறது.

மொழியும் பழையது. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு உலகத் தரநிலை வகுக்கப்பட்டது 1998-இல். டர்போ சி அதற்கு முந்தியது. அதில் பழகியவர் எழுதும் தலைப்புக் கோப்புகளின் பெயர்களையும், திரையைத் துடைக்கும் ஆணையையும், முதன்மைச் செயற்கூறின் முன் எழுதும் வெற்றுச் சொல்லையும் இன்றைய நிரல்பெயர்ப்பிகள் ஏற்பதில்லை. வேலைக்கான நேர்காணலில்தான் பலருக்கு இந்தச் செய்தி தெரிய வருகிறது.

நியாயமாகப் பேசினால் டர்போ சி-யின் சிறப்பையும் கூற வேண்டும். ஏடு, நிரல்பெயர்ப்பி, லைப்ரரி, உதவிக் குறிப்புகள் எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தன. இணையம் வேண்டியதில்லை. நான்கைந்து வரிகளில் வட்டம் தோன்றும். டாஸ் காலத்தில் என் முதல் கேள்விக்கு அது மிகச் சிறந்த விடையாகவே இருந்தது. அன்றைய கணிப்பொறியில் சில நிமிடங்களில் கோடு வந்தது. வீட்டில் கணிப்பொறி வைத்திருந்த சிலரும் அதே டாஸ் இயங்குதளத்தையே வைத்திருந்தனர். அந்தச் சூழலைத் தேர்ந்த அன்றைய ஆசிரியர்கள் சரியாகவே தேர்ந்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் எவரும் மறுபடி தேர்வு செய்யவில்லை என்பதே குறை.

இதற்கிடையே பள்ளிக்கூடம் முன்னேறிவிட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் நூல், விண்டோஸில் இயங்கும் டெவ் சி பிளஸ் பிளஸ் கொண்டு பாடம் நடத்துகிறது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் மொழி. பைப்ளாட் கொண்டு கோட்டு வரைபடமும் வட்ட வரைபடமும் வரைவதற்கு அதில் தனிப் பாடமே உண்டு. தமிழ் வழியில் இதைப் படித்துத் தேறிய மாணவர் கல்லூரிக்கு வந்து நீலத் திரையின் முன் அமரும்போது, காலம் பின்னோக்கி ஓடுகிறது. 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸில் நிரல்பெயர்ப்பி இலவசம். அக்கணிப்பொறிகளை மையமாக வைத்து வரைகலைச் செய்முறைகளை மாற்றி எழுதியிருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆய்வகம் கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பை நாம் தவறவிட்டோம்.

மாற்றுவது ஏன் கடினம்?

ஆசிரியர்களைக் குறை கூறிவிட்டு நகர்வது எளிது. புதிய சூழலை நிறுவ முயன்றவர்க்கே அதன் தொல்லை தெரியும். வரைகலை லைப்ரரி ஒன்று விண்டோஸில் மூன்று துண்டுகளாக வந்து சேரும். மூன்றும் மூன்று இடங்களில் அமர வேண்டும். திருமண விருந்தை எண்ணிக்கொள்ளுங்கள். என்னென்ன பதார்த்தங்கள் என்ற பட்டியல் முதலில் வேண்டும். பட்டியலுக்கேற்ற மளிகைப் பொருள் வீட்டில் வந்து இறங்க வேண்டும். அன்று காலையில் சமையற்காரர் வந்து நிற்க வேண்டும். தலைப்புக் கோப்பு என்பது பட்டியல். லைப்ரரிக் கோப்பு மளிகை. டி.எல்.எல். என்னும் கோப்பு, நிரல் ஓடும் நேரத்தில் வந்தாக வேண்டிய சமையற்காரர்.

பட்டியல் இல்லாவிட்டால் நிரலை மொழிபெயர்க்கும்போதே பிழை வரும். மளிகை இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு நன்றாக முடிந்து, துண்டுகளை இணைக்கும் கட்டத்தில், இன்ன செயற்கூற்றைக் காணோம் என்று பிழை வரும். சமையற்காரர் வராவிட்டால் இவ்விரண்டும் இனிதே நிறைவேறி, நிரலை ஓடவிடும்போது இன்ன டி.எல்.எல். கோப்பு இல்லை என்ற பெட்டி திரையில் எழும். பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்த்தாலே எது குறைகிறது என்று கூறிவிடலாம். நிறுவும் பணியில் உள்ள அறிவியல் பெரும்பாலும் இவ்வளவுதான். இதைக் கற்பிக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் நான் கண்ட செய்முறைக் கையேடுகள் எதிலும் இது இல்லை. நான்காவதாக ஒரு பொறியும் உண்டு: நிரல்பெயர்ப்பி 64 பிட், லைப்ரரி 32 பிட் என்று அமைந்துவிட்டால் எல்லாம் உரிய இடத்தில் இருந்தும் இணையா. அளவு மாறிய தாழ்ப்பாளும் பூட்டும் போல.

இத்தொல்லைக்கு அஞ்சிச் சிலர் ஒரு குறுக்குவழியை நாடுகின்றனர். பழைய பி.ஜி.ஐ. ஆணைகளை விண்டோஸில் அப்படியே இயக்கித் தரும் ஒரு லைப்ரரியை டெவ் சி பிளஸ் பிளஸில் சேர்த்து, இணைப்பிக்கான ஆறு லைப்ரரிப் பெயர்களை மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். பழைய கையேட்டை மாற்ற வேண்டியதில்லை என்பதே இதன் கவர்ச்சி. எண் வரம்புத் தொல்லை தீரும் என்பது உண்மை. ஆயினும் மாணவர் கற்கும் வரைகலை ஆணைகள் வேறெங்கும் பயன்படா.

இன்னும் சில கல்லூரிகள் ஓப்பன்ஜிஎல் முறைக்கு மாறியுள்ளன. 1992-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட தரநிலை அது. லினக்ஸில் ஃபிரீகிளட் என்னும் துணைத் தொகுப்பை நிறுவினால் பத்து நிமிடத்தில் சாளரமும் முக்கோணமும் தோன்றும். இது பாராட்டுக்குரிய மாற்றம். ஆனால் இங்கும் ஒன்றைக் கூற வேண்டும். ஒவ்வொரு முனையாகச் சொல்லிச் சொல்லி வரையும் பழைய ஓப்பன்ஜிஎல் பாணியையே கையேடுகள் பின்பற்றுகின்றன. அது 2008-இல் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2009-இல் முதன்மைப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டது. இன்றைய முறையில் முனைகளின் எண்களை மொத்தமாக வரைகலைச் செயலியின் நினைவகத்திற்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு முனையையும் புள்ளியையும் என்ன செய்வது என்று ஷேடர் என்னும் சிறு நிரல்களால் கூறுகிறோம். முதலாண்டு மாணவர்க்குப் பழைய பாணி எளிது. அதில் தொடங்குவது தவறன்று. அதோடு முடித்துவிட்டு, இதுவே வரைகலை என்று சான்றிதழ் தருவது தவறு. 2016-இல் வந்த வல்கன் முறைக்கு நேராகத் தாவுங்கள் என்றும் நான் கூறமாட்டேன். அதில் ஒரு முக்கோணத்திற்கே ஆயிரம் வரியை ஒட்டி எழுத வேண்டியிருக்கும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

கட்டத்தாளும் கணிப்பொறியும்

இன்று காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிய செவிலிமேட்டில் வாழ்பவர்க்கு விடை தெருவிலேயே கிடைக்கும். பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் வரும் அன்னம், மயில், மாங்காய், கோபுரம் ஆகியவை முதலில் கட்டத்தாளில் பிறக்கின்றன. கட்டத்தாளின் ஒரு கிடைவரிசை ஓர் ஊடை இழைக்குச் சமம். ஒரு நெடுவரிசை ஜக்கார்டு பெட்டியின் ஒரு கொக்கிக்குச் சமம். வரைபவர் எந்தக் கட்டத்தை நிரப்புகிறாரோ, அதற்குரிய இடத்தில் அட்டையில் துளை விழும். துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். உண்டு, இல்லை. ஒன்று, சுழி. 120 கொக்கிகளும் 200 அட்டைகளும் கொண்ட ஓர் உருவம் என்றால் 24,000 கட்டங்கள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து முடிவு செய்திருக்கிறார்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜக்கார்டு தம் பொறியை அமைத்தது 1804-ஐ ஒட்டி. அதன் துளை அட்டையைத்தான் பாபேஜ் தம் பகுப்புப் பொறியின் திட்டத்தில் எடுத்துக்கொண்டார். இதைக் கணிப்பொறி வரலாற்று நூல்கள் எல்லாம் கூறும். கூறாத செய்தி ஒன்று உண்டு: கட்டத்தாள் வரைபவர், வரைகலைப் பாடநூலின் முதல் இரண்டு அத்தியாயங்களை அறிந்தவர்.

சாய்கோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7 கட்டம் வலப்புறம் செல்வதற்குள் 3 கட்டம் மேலேற வேண்டும். அரைக் கட்டத்தை நிரப்ப இயலாது. ஆகவே ஒவ்வொரு நெடுவரிசையிலும் உண்மைக் கோட்டிற்கு மிக அருகிலுள்ள கட்டத்தை நிரப்புகிறார். உயரங்கள் முறையே 0, 0, 1, 1, 2, 2, 3, 3 என்று படிக்கட்டாக அமைகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெசன்ஹாம் 1962-இல் வகுத்து 1965-இல் வெளியிட்ட கோட்டு முறையும் இதே படிக்கட்டைத் தருகிறது. அவர் அதை வகுத்தது காகிதத்தில் பேனாவால் வரையும் பிளாட்டர் கருவிக்காக, திரைக்காக அன்று. பின்னக் கணக்கே இல்லாமல், கூட்டலையும் ஒப்பிடுதலையும் மட்டும் கொண்டு அடுத்த கட்டம் எது என்று முடிவு செய்வதே அதன் அழகு.

வட்டத்தைப் பற்றியும் கட்டத்தாள்காரர் அறிவார். ஓர் அங்குலத்தில் உள்ள பாவு இழைகளும் ஊடை இழைகளும் எண்ணிக்கையில் சமமாக இராவிட்டால், சதுரக் கட்டத்தில் வரைந்த வட்டம் சேலையில் முட்டையாகிவிடும். எனவே நெசவுக்கேற்ற விகிதமுள்ள கட்டத்தாளைத் தேர்கிறார். வி.ஜி.ஏ. திரையின் 320-க்கு 200 முறையிலும் இதே கதை. திரையின் அகலமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால், ஒரு புள்ளி தன் அகலத்தைப் போல் 1.2 மடங்கு உயரம் கொள்ளும். அங்கே வட்டம் வரைபவர் அதற்கு ஈடு செய்தாக வேண்டும். நெசவுக் குடும்பத்து மாணவர் ஒருவர் இந்தப் பகுதியைக் "கடினமான பாடம்" என்று கூறும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் வீட்டில் அது அன்றாடப் பேச்சு. எங்கள் பாடமுறை அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் செய்முறை மிக எளியது. வரைகலை லைப்ரரி எதுவும் வேண்டாத செய்முறை. பி.பி.எம். என்று ஒரு படக்கோப்பு வகை உண்டு. வெறும் எழுத்துக் கோப்பு. முதல் வரியில் "பி" என்பதற்கான ஆங்கிலப் பேரெழுத்தும் அதை ஒட்டி 1 என்ற எண்ணும். அடுத்த வரியில் அகலமும் உயரமும். பிறகு சுழிகளும் ஒன்றுகளும். ஒன்று என்றால் கருமை. முதல் வரி நீங்கலாக, சேலை உடலில் வரும் ஒரு சிறு புட்டாவை இப்படி எழுதலாம்:

5 5
00100
01110
11111
01110
00100

இதை எந்த ஏட்டிலும் தட்டிச் சேமிக்கலாம். கிம்ப் என்னும் இலவசப் படமென்பொருளிலோ, லினக்ஸின் படங்காட்டிகள் பலவற்றிலோ திறந்து பெரிதாக்கினால் படம் கண்முன் நிற்கும். அடுத்த வகுப்பில் இந்தச் சுழிகளையும் ஒன்றுகளையும் கையால் தட்டாமல், நிரலைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். சி, பைத்தான், எதுவாயினும் சரி. பிரெசன்ஹாமின் படிக்கட்டை இதில் வரைந்து பார்க்கலாம். மாணவர் தம் கட்டத்தாளையும் தம் கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். நிறுவுதலில் தவறு நேர வழியில்லை. நிறுவ வேண்டியது ஏதுமில்லை. படம் என்பது எண்களின் அணி என்ற கருத்து முதல் நாளே கைக்கு வந்துவிடும். அசைவு மட்டும் இதில் இல்லை. அதற்கு அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த படியில் இன்னொரு தமிழ்ச் செல்வம் காத்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் அணி இலக்கணமும் கோலமும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். ஒரு சிறு உருவை மற்றோர் உருவால் மாற்றி எழுதும் விதிகளை வைத்துக்கொண்டு, கோலங்கள் முழுவதையும் வளர்த்தெடுக்கலாம் என்று காட்டினர். படமொழிகள் என்னும் துறையில் அக்கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வரைகலையில் நம் நாட்டுப் பெயர் ஏதேனும் கையேட்டில் வர வேண்டுமாயின் முதலில் வர வேண்டியது இது. நான் பார்த்த கையேடுகளில் வரவில்லை.

கோலத்தை இயக்கிப் பார்க்க ஏற்றது பைத்தானோடு வரும் டர்ட்டில் என்னும் ஆமை வரைகலை. 1967-இல் குழந்தைகளுக்காக உருவான லோகோ மொழியின் மரபில் வந்தது அது. முன்னே நகர், இத்தனை பாகை திரும்பு, எழுதுகோலை எடு, வை என்பன அதன் ஆணைகள். விண்டோஸில் பைத்தானை நிறுவினாலே டர்ட்டிலும் வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் முதல் கோடு! இயற்பியல் ஆசிரியர்க்கு இதில் தனி மகிழ்ச்சியும் உண்டு. பெரும்பாலான வரைகலைத் தொகுப்புகளில் திரையின் இடப்பக்க மேல்மூலைதான் ஆதிப்புள்ளி; கீழே போகப் போக உயரம் கூடும். எறிந்த கல் தலைகீழாகப் பறப்பதாகப் படம் வரும். டர்ட்டிலில் ஆதி நடுவில், மேல்நோக்கியே நேர்க்குறி. வரைபடத் தாளில் உள்ளது போல. குறை என்னவென்றால் இது மிக மெதுவானது. ஆயிரம் துகள்களை ஓடவிட்டால் ஆமை தன் பெயரை நிலைநாட்டும்.

வேகம் வேண்டுமாயின் உலாவியே போதும். எந்த மேசைக் கணிப்பொறியிலும் உலாவி இருக்கிறது; எழுத்துக் கோப்பு எழுத ஏடு இருக்கிறது. கான்வாஸ் என்னும் வரைபலகையை ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் இயக்கினால் அலைக் குறுக்கீட்டைக்கூட நேரில் ஓடவிடலாம். இணைய இணைப்புத் தேவையில்லை. வட்டிலுள்ள கோப்பைத் திறந்தால் போதும். இதற்கும் ஒரு தீய பழக்கம் உண்டு: பிழை நேர்ந்தால் ஒன்றும் சொல்லாமல் வெள்ளைத் திரையைக் காட்டிவிடும். எஃப்12 விசையைத் தட்டி உள்ளே பார்த்தால்தான் பிழைச்செய்தி தெரியும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் மாணவர் பாதிப்பேர் மனம் உடைந்து போவர். இவற்றுக்குப் பிறகு, இரண்டாம் பருவத்தில், ஃபிரீகிளட்டும் ஷேடரும் வரலாம். விருந்துப் பட்டியலும் மளிகையும் சமையற்காரரும் அப்போது பயன்படும்.

தேர்வு என்ன ஆகும் என்ற கேள்வி எழும். புறத்தேர்வாளர் வருவார், கையேட்டில் உள்ள நிரலைக் கேட்பார் என்பதே மாற்றத்தை மறுக்கும் ஆசிரியர்களின் இறுதி வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நான் பார்த்த பாடத்திட்டங்கள் கேட்பது கோடு, வட்டம், வெட்டுதல், உருமாற்றம் ஆகியவற்றின் முறைகளை; டர்போ என்ற சொல்லை அன்று. எந்த மொழியில், எந்தச் சூழலில் செய்தாலும் ஏற்கப்படும் என்று பாடக்குழு ஒரு வரி எழுதினால் போதும்.

அத்துடன் செய்முறைப் பதிவேட்டின் முதல் பக்கத்தை நிறுவுதலுக்கு ஒதுக்கி, பத்து மதிப்பெண்ணும் அதற்குத் தரலாம். எந்தக் கணிப்பொறி, எந்த இயங்குதளம், நிரல்பெயர்ப்பியின் எந்தப் பதிப்பு, முதலில் வந்த பிழைச்செய்தி எது, அது எந்தக் கட்டத்தில் வந்தது, எவ்வாறு நீங்கியது என்று மாணவரே தம் கையால், தமிழிலேயே எழுதட்டும். உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் வைத்திருக்கும் மாணவர் எழுதக்கூடிய முதல் பதிவை இங்கேயே கூறிவிடுகிறேன்: அங்குப் பைத்தான் முன்பே இருக்கும், ஆனால் டர்ட்டிலை அழைத்தால் டிகே-இன்டர் இல்லை என்று பிழை வரும். டிகே என்னும் சாளரத் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். ஒரு முறை நிறுவினால் போதும்.